இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்

எண்ணெய்த் தொட்டியின் அளவுக்கம்பியை உருவி மூக்கருகே கொண்டு போனேன். மண்ணெண்ணெய் மணத்தது.

ஹைட்ரோலிக் எண்ணெய் தேன் மாதிரி இருக்க வேண்டும். இது சாயத்தண்ணி மாதிரி இருந்தது. விரலில் தொட்டேன். ஒட்டாமல் சொட்டியது.

"மணக்குதோ?" பின்னால் நின்ற டீமேக்கர் ஜெயரத்தினம் கேட்டார். தேயிலைத் தொழிற்சாலைக்கு அவர்தான் பொறுப்பு.

"மணக்குது சேர்."

"நான் அண்டைக்கே சொன்னனான். இனி என்னத்தப் பாக்கிறீர்? ஒப்பரேட்டர் தன்ர பாட்டில மண்ணெண்ணெய் ஊத்தினவர் எண்டு ரெண்டு வரி எழுதித் தாரும். வெள்ளிக்கிழமை விசாரணை. அந்தாளே ஒத்துக்கொண்டிட்டுது. பிறகேன் இழுப்பான்?"

"சிலிண்டரையும் கழட்டிப் பாக்கணும் சேர்."

"பாரும், பாரும். அஞ்சு மணிக்கு முதல் எனக்குக் கடிதம் வேணும்."

இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். சாவகச்சேரிக்காரர். மலைக்கு வந்து இருபத்தெட்டு வருடம். குளிர் இன்னும் பழகவில்லை. அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

ராகலைக்கு மேலே எட்டாங்கட்டை தோட்டத்தில் இருக்கிறது அந்தத் தேயிலை ஸ்டோர்; தொழிற்சாலைக்கு மலையில் அதுதான் பேர். காற்றுக்காலம். கூரைத் தகரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மூட்டை அடுக்கும் அறையின் வாசலில், இடுப்பொடிந்த மாடு மாதிரி நின்றது ஃபோர்க்லிஃப்ட். முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு இரும்பு முள்ளுக்காக அதற்குக் கொம்பன் என்று பேர் வைத்திருந்தார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய ஜப்பான் யந்திரம். கொழும்பில் எங்கோ உழைத்துத் தேய்ந்த பிறகு மலை ஏறியது. தேயிலை மூட்டைகளைப் பலகையோடு தூக்கி லொறியில் வைக்கும். பதினாறு வருடமாக அதை ஓட்டுகிறவர் நல்லமுத்து.

பதினொரு நாளுக்கு முன்னர், மதியம் இரண்டு மணிக்கு, பன்னிரண்டு மூட்டையோடு கொம்பு கீழே வந்தது. பக்கத்தில் நின்ற சின்னத்தம்பிக்கு இடது காலில் இரண்டு விரல் போயிற்று. சின்னத்தம்பி, நல்லமுத்துவின் பொஞ்சாதி வீரம்மாவுக்குத் தம்பி. ஒரே லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், அடுத்தடுத்த காம்பரா.

எண்ணெயில் கைவைத்தது ஒப்பரேட்டர்தான் என்று சேவைக் கம்பெனி மெக்கானிக்காகிய நான் எழுதினால் நல்லமுத்துவுக்குப் பேர் வெட்டுவார்கள். செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பதிவில், பேர் இல்லாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. நாற்பத்தொன்பது வயதுக்காரரை வேறு எந்தத் தோட்டமும் புதிதாகப் பதியாது.

மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

ஜனவரி கடைசி. புல்லில் பனி உறைந்து கொழுந்து கருகிய வாரம். காலையில் கொம்பன் தூக்க மறுக்கிறது என்று நல்லமுத்து ஃபோன் போட்டார். குளிரில் எண்ணெய் இறுகினால் அப்படித்தான். எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டு, கொம்பை வெறுமனே ஏற்றி இறக்கிச் சூடாக்க வேண்டும். குளிருக்கேற்ற எண்ணெய் பிறகு மாற்ற வேண்டும். டெக்னிக்கல் காலேஜில் முதல் வருடத்திலேயே படித்தது.

நான் கண்டி ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றேன். உள்ளே ஷாமிலா. என் மனைவி. காய்ச்சல் என்று சேர்த்து எட்டாம் நாள்.

"ரெண்டு போத்தல் மண்ணெண்ணெய் ஊத்துங்க. எளகிடும். நான் வந்து பாக்குறேன்" என்றேன்.

ஒரு தடவைக்கு மேல் ஊற்றக்கூடாது என்று சொல்லவில்லை. வந்து பார்க்கவும் இல்லை. வார்டுக்குள் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

நல்லமுத்துவை ஸ்டோருக்குள் விடக்கூடாது என்று உத்தரவு. அவர் கேட்டுக்கு வெளியே, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றார். யந்திரத்தின் போக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று டீமேக்கரிடம் சொல்லி உள்ளே எடுத்தேன்.

"வாங்க தம்பி" என்றார், என் சட்டைப் பொத்தானைப் பார்த்து.

ஆறு மூட்டை ஏற்றி இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கச் சொன்னேன். லிவரை நடுவில் விட்டு எஞ்சினை நிறுத்தினார். கொம்பு ஏறி இறங்கும் தூணில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். பத்து நிமிடம் பார்த்தோம். கொம்பு இரண்டு விரற்கிடை இறங்கியது. ஒரு மணி நேரம் ஏற்றி இறக்கி எண்ணெயைச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்த்தோம். அதே பத்து நிமிடத்தில் ஒரு சாணுக்கு மேல் இறங்கியது. காலைக்குளிரில் தூக்குவதற்காக மெலிய வைத்த எண்ணெய், மதியச் சூட்டில் தாங்குவதற்கு ஆகாது.

"இப்புடி எறங்குறது எப்பருந்துங்க?"

"மாசிக் கடைசில இருந்து."

"யாருக்கிட்டயும் சொல்லலையா?"

"டீமேக்கர்கிட்ட சொன்னேன். மெக்கானிக்குக்கு ஃபோன் போடுன்னாரு."

"எனக்கு வரலையே."

நல்லமுத்து மூலையில் கிடந்த ஒரு கட்டையைக் காலால் காட்டினார்.

"இதத்தான் வச்சிக்கிட்டோம்."

தேயிலைச் செடியின் அடித்தூர். பழைய தேயிலை மலையைக் கிளப்பிப் புதிதாக நட்டபோது பிடுங்கியது. நூறு வருடத்து வேர், கத்தி இறங்காது. வேர்க்கவடு நாலு பக்கமும் கால் மாதிரி நிற்பதால் உருளாது. லொறி பின்னால் வரும்வரை மூட்டையை ஒன்றரை அடி உயரத்தில் வைத்திருப்பார்கள். தரையில் வைத்தால் மறுபடி தூக்கக் கொம்பனுக்கு மூச்சு முட்டும். அதனால் அடியில் இந்தத் தூரைத் தள்ளிவிடுவார்கள். பாரம் அதன்மேல் உட்காரும். நாலு மாதம் இப்படி ஓட்டியிருக்கிறார்கள். தூரைத் தள்ளுகிற வேலை சின்னத்தம்பிக்கு. குனிந்து கையால் தள்ள நேரமில்லை. காலால் தள்ளுவான்.

தூரின் ஒரு கவட்டில் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. கிரீஸ் இல்லை.

"மண்ணெண்ணெய் எத்தன தடவ ஊத்துனீங்க?"

"பனி கொட்டுன அன்னைக்கெல்லாம். ஏழெட்டு வாட்டி இருக்கும்."

"யாரு சொல்லி ஊத்துனன்னு தோட்டத்துத் தொர கேக்கலையா?"

"கேட்டாரு."

"என்னா சொன்னீங்க?"

"நானாத்தான் ஊத்துனேன்னு." துவாயை அவிழ்த்து மறுபடி கட்டினார். "என் கையாலதான ஊத்துனேன்."

மதியம் சாப்பிட லயத்துக்குக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். வீரம்மா கோபித்துக்கொள்வாள் என்றார். போனேன்.

வீரம்மா அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை; தம்பிக்குப் புண் கட்ட நின்றிருந்தாள். காம்பராவுக்குள் அடுப்புப் புகை. தோசைக்கல்லில் ரொட்டி. உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்ட பிரட்டல். கட்டிலில் சின்னத்தம்பி, கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தான்.

"வாங்க மெக்கானிக்கு. கொம்பன் என்னா சொல்றான்? என் வெரலு ரெண்டயும் திருப்பிக் குடுக்குறானாமா?"

"வாய மூடுடா. வந்த ஆளுகிட்ட பேசுற பேச்சா இது?" என்றாள் வீரம்மா.

"எட்டு வெரலு போதும்க்கா. செருப்பு வாருதான் லூசாப் போயிரும். டீமேக்கர் வந்து பாத்தாரே, கேட்டீங்களா? 'சின்னத்தம்பி, இனி உமக்குக் குளிர் குறைவா இருக்கும்'ங்கிறாரு. ரெண்டு வெரலு கம்மியாம். அந்தாளு சிரிக்கவும் இல்ல."

நான் சிரித்தேன். நல்லமுத்து சிரிக்கவில்லை. கையில் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லி, சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனார்.

"பாருங்க" என்றான் சின்னத்தம்பி. "வெரல குடுத்தவன் நான். நான் மூனு வேளயும் திங்கிறேன். ஒன்னும் குடுக்காத மச்சான் பட்டினி கெடக்குறாரு. இந்த ஊர்ல நியாயம் இருக்கா?"

வீரம்மா ரொட்டியைத் தட்டில் வைத்து என் முன் நகர்த்தினாள். வாசலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அவரு ஒங்க மொகத்தப் பாத்து பேச மாட்டாரு. கோவம்னு நெனச்சிராதீங்க."

"இல்லைங்க."

"ஒங்க வீட்டுக்காரம்மா தவறுன அன்னைக்கி ஃபோன் போட்டது இவருதானாம். ஒங்க ஆபீஸ் வேன் டிரைவர் வந்தப்ப சொன்னாரு. கடைசி மூச்சுல புருசன் பக்கத்துல இல்லாம இழுத்துட்டேனேன்னு மூனு நாளு எந்திரிக்கல. ஃபோன எங்கிட்ட குடுத்துட்டாரு. அன்னையிலருந்து தொடுறதில்ல. மடுல்சீமைல இருக்குற எங்க சின்ன மாமாவுக்கு ஒரு வெசயம்னாகூட நாந்தான் பேசணும்."

"கொம்பன் எறங்குதுன்னு டீமேக்கர் போடச் சொன்னப்பவும் போடல" என்றான் சின்னத்தம்பி. "நான் போடுறேன்னேன். 'அந்தப் புள்ளைக்கு இன்னொருக்கா இங்கருந்து ஃபோன் போறதா?'ன்னு எம்மேல ஏறிட்டாரு. போயி தேயிலத் தூரத் தூக்கிட்டு வந்துட்டாரு."

நான் ரொட்டியைப் பிய்த்தேன்.

"தொரகிட்ட ஒங்க பேரச் சொல்லுங்கன்னு நான் சொன்னேன் தம்பி" என்றாள் வீரம்மா. "மறைக்கல. எனக்கு எம் பொழப்பு. சொல்லக் கூடாதுன்னு முனியாண்டி சாமி மேல சத்தியம் வாங்கிட்டாரு. எங்கிட்ட, இவன்கிட்ட, ரெண்டு பேருகிட்டயும்."

"அதனால நாங்க சொல்லல" என்றான் சின்னத்தம்பி.

"சொல்லல" என்றாள் அவளும். என்னைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "இன்னொரு ரொட்டி வைக்கவா?" என்று கேட்டாள்.

தட்டில் முதல் ரொட்டி துண்டு துண்டாகக் கிடந்தது. ஒன்றையும் நான் வாயில் போட்டிருக்கவில்லை.

பிற்பகல் சிலிண்டரைக் கழற்றினோம். கனமான வேலை. நல்லமுத்து கம்பியை நெம்பிப் பிடிக்க, நான் தண்டை உருவினேன். உள்ளே எண்ணெயைக் கசியவிடாமல் அடைக்கிற ரப்பர் பெக்கிங் ஊறி உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் குழிந்தது. ஒரு பக்கம் கிழிந்து நார் தொங்கியது. போன வருடம் நானே வாங்கிப் போட்ட பெக்கிங். மலிவு ரப்பர்; மண்ணெண்ணெய் பட்டால் ஊறும். மண்ணெண்ணெய் படும் என்று அப்போது யார் நினைத்தார்கள்.

வாளியில் பெக்கிங்கைப் போட்டேன். நல்லமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றேன். அதுவரை நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஃபோன் விசயம் வீட்ல சொன்னாங்க."

"அவளுக்கு வாயி நிக்காது."

"அது நீங்க நெனைக்கிற மாதிரி இல்லண்ணே."

"விடுங்க தம்பி."

"நீங்க கேளுங்க. அன்னைக்கி நாம பதினொரு நிமிசம் பேசுனோம். என் ஃபோன்ல இன்னும் இருக்கு. ஒங்களுக்குக் கேக்க இருந்தது ஒரு நிமிசத்துக் கேள்வி. மிச்சத்த நான்தான் இழுத்தேன். கொழுந்து கருகிருச்சான்னு கேட்டேன். எத்தன மலையில பனின்னு கேட்டேன். ஒங்க தோட்டத்துக் கோயில் திருவிழா எப்பன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்தார்.

"கேட்டீங்க" என்றார் மெதுவாக. "நல்ல புள்ள, இந்தக் கஷ்டத்துலயும் விசாரிக்குதேன்னு நெனச்சேன்."

"அவ மூச்சு எடுக்குற சத்தம் அப்ப வேற மாதிரி ஆயிருச்சு. எனக்கு அங்கன உக்கார முடியல. வெளிய வர ஏதாவது கெடைக்காதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒங்க ஃபோன் வந்துச்சு. எனக்கு அது..." சொல்லைத் தேடினேன். வேறு சொல் இல்லை. "சந்தோசமா இருந்துச்சு. கேக்க ஒன்னும் இல்லாமப் போனப்ப, வாயில வந்தத சொன்னேன். ரெண்டு போத்தல்னு."

கூரைத் தகரம் அடித்தது. உள்ளே ரோலர் யந்திரம் சுற்றும் சத்தம்.

நல்லமுத்து கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் அஞ்சு மாசமா எதுக்குத் தம்பி ஃபோனத் தொடாம இருந்தேன்?"

உருவி வைத்த தண்டைத் துணியால் துடைத்தேன்.

"தொட்டிருந்தா மச்சான் காலு முழுசா இருந்திருக்கும். நாலு மாசமா எறங்குது. ஒரே ஒரு ஃபோன். நீங்க வந்து பாத்திருப்பீங்க. பாத்திருப்பீங்களா?"

"பாத்திருப்பேன்."

"பாத்திருப்பீங்க." தலையாட்டிக்கொண்டார். "ஒங்களுக்குப் பாவம் பண்ணிட்டோமேன்னு நெனச்சி நெனச்சி, என் பொஞ்சாதி தம்பிக்குப் பண்ணிட்டேன். இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க? ஒங்க பேருக்கு மட்டும் ஒரு கடுதாசி எழுதிட்டு போயிருக்கலாமுல்ல?"

துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். காற்றில் சாய்ந்து சாய்ந்து லயத்துப் பாதையில் இறங்கினார்.

புது பெக்கிங் வேனில் இருந்தது. நல்ல சரக்கு. தனியாகவே போட்டேன். தொட்டியை வடித்து, கழுவி, சரியான எண்ணெய் ஊற்றினேன். ஆறு மூட்டை ஏற்றினேன். கோடு போட்டேன். பத்து நிமிடத்தில் கொம்பு நூல் அளவும் இறங்கவில்லை.

ஐந்து மணிக்குக் கடிதத்தை ஜெயரத்தினத்திடம் கொடுத்தேன். மண்ணெண்ணெய் ஊற்றும்படி ஒப்பரேட்டருக்குச் சொன்னவன் சேவை மெக்கானிக்காகிய நான், திகதி, நேரம், பெக்கிங்கின் நிலை, அதை வாங்கிப் போட்டவனும் நான். கீழே கையெழுத்து.

கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை வாசித்தார்.

"உமக்கென்ன விசரே?"

"இல்ல சேர்."

"உம்மட வேலை போகும் தம்பி. அந்தாள் உம்மைப் பற்றி ஒரு சொல் சொல்லேல்ல. ஏன் நீராப் போய்த் தலையைக் குடுக்கிறீர்?"

"அவரு சொல்லாததுனாலதான் சேர்."

அவர் கடிதத்தை மடித்து மேல் ஸ்வெட்டருக்கும் கீழ் ஸ்வெட்டருக்கும் நடுவில் செருகினார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார்.

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். நல்லமுத்துவின் பக்கம் தொழிற்சங்கத் தலைவர் பேசினார். கட்டை வைத்து ஓட்டியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம். பேர் வெட்டவில்லை.

வெளியே வந்தபோது வீரம்மா கும்பிட்டாள். சின்னத்தம்பி ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினான். நல்லமுத்து அங்கே இல்லை. கொம்பனைப் பார்க்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் காத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி என்னை நிறுத்தியது. சரியான முடிவு. கருவிப்பெட்டி என்னுடையது, அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஹட்டனில் ஷாமிலாவும் நானும் எடுத்த வாடகை வீட்டில் பகலில் இருந்து பழக்கமில்லை. பகலில் அங்கே நிறைய அவள் சாமான் இருந்தது. எட்டு நாளில் ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. ஃபோனை எடுத்து ஜனவரிப் பட்டியலைத் திறப்பேன். பதினொரு நிமிடம், நாற்பது விநாடி. மூடுவேன்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. அதே இலக்கம்.

"யாரு, வீரம்மாக்காவா?" என்றேன்.

மறுபக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பின்னால் ரோலர் சத்தம்.

"நல்லமுத்து பேசுறேன்."

"சொல்லுங்கண்ணே."

"கொம்பன் தூக்குறான். நிக்கிறான். எறக்கயில மட்டும் ஒரு கிறீச்சு சத்தம்."

"நான் இப்ப அந்தக் கம்பெனில இல்லண்ணே."

"தெரியும். புதுசா ஒருத்தரு வந்தாரு. அஞ்சு நிமிசம் சுத்திப் பாத்துட்டு, பழைய இரும்புக்குப் போடுங்கன்னு சொல்லிட்டு போயிட்டாரு. டீமேக்கர் கோவத்துல மூனாவது ஸ்வெட்டரையும் மாட்டிக்கிட்டாரு. ஒங்களக் கூப்புடச் சொன்னாரு."

"சங்கிலி வறண்டிருக்கும். இல்லன்னா தூண் உருளை. பாத்தாத்தான் தெரியும்."

"ம்."

"நான் வர்றவரைக்கும் எதையும் ஊத்தாதீங்க."

"ஒங்களக் கேக்காம நான் எப்ப ஊத்திருக்கேன்?"

குரலில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குத்தல் எனக்குரியதுதான். வாங்கிக்கொண்டேன்.

"மச்சான் கால் எப்புடி?"

"காஞ்சிருச்சு. நடக்குறான். அந்தத் தேயிலத் தூர அடுப்புல போட்டுட்டோம். ரெண்டு நாளு எரிஞ்சிச்சு." பிறகு, "அவ்வளவுதான் தம்பி, கேக்க வேண்டியது" என்றார்.

கேட்க எனக்கு இன்னும் இருந்தது. அன்று பீலியடியில் அவர் எவ்வளவு நேரம் கை கழுவினார், என் முகத்தை இனிப் பார்ப்பாரா, வீட்டில் சாப்பிடுகிறாரா. கொழுந்து எப்படி, காற்று எப்படி என்றுகூடக் கேட்டிருக்கலாம்.

"சரிண்ணே. வர்றேன்" என்று வைத்தேன்.

ஒரு நிமிடம், ஐம்பது விநாடி. கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுவரெலியா பஸ்ஸுக்கு இறங்கினேன்.